கரிக்கோச்சியை மறித்தவன்

எனக்குத் தரப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு இருப்பது.

ஊர்காவற்றுறையில் பஸ் ஏறும் முன்பே என் மனிசி ஞானசவுந்தரி அதைச் சொல்லிவிட்டாள். பஸ்ஸுக்குள் வைத்து இன்னொரு தரமும் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, பெடியன் தானாக வாறன் எண்டிட்டான். நீங்கள் ஒண்டும் கதைக்கப்படாது. 'நான் அப்பவே சொன்னனான்' எண்டு ஒரு சொல்லு உங்கட வாயாலை வந்துதோ, அவன் வீம்புக்கு அங்கேயே நிண்டிடுவான். அவனும் உங்களைப் போலத்தான்."

"நான் என்ன குழந்தைப்பிள்ளையே?"

"குழந்தைப்பிள்ளை எண்டா வாய்க்குள்ள சூப்பியை வைச்சுவிடலாம்."

முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் வேலை அப்போதே தொடங்கிவிட்டதால் ஒன்றும் பேசவில்லை.

நான் குருசுமுத்து. குறிகாட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஆள் ஏற்றுகிற படகு ஓட்டுகிறேன். கேட்பவர்களிடம் உலகம் சுற்றின மாலுமி போலக் கதைப்பேன். ஓடுவதென்னவோ ஒரு சுருட்டுப் பற்றி முடிகிற தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் நான் செய்கிற பெரிய காரியம் ஆட்களை இருக்க வைப்பது. அம்மன் கோவில் கோபுரம் தெரிந்ததும் படகில் உள்ள சனம் முழுவதும் எழும்பி ஒரு பக்கமாக ஓடும். சிங்கள ஆக்கள் என்றால் விகாரையைப் பார்க்க ஓடுவார்கள். படகு சரியும். நான் தமிழில் "இருங்கோ!" என்பேன், சிங்களத்தில் "இந்தகன்ன!" என்பேன், வெள்ளைக்காரர் இருந்தால் "சிட் டவுன்!" என்பேன். அதோடு தலைக்கு மேலே தொங்குகிற கயிற்றை ஒரு இழுவை இழுப்பேன். பின்னால் இஞ்சின் பார்க்கிறவனுக்கு மணி கேட்கும், வேகத்தைக் குறைப்பான். சனம் போய் இருந்ததும் திரும்ப ஓட்டம். நான் படித்த படிப்பும் வாங்கின பட்டமும் இவ்வளவுதான்.

போன வருசத் திருவிழாவில், துறைமேடையில் இருந்து படகுக்குப் பாயும்போது கால் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டேன். இனிப் பாயக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாயாமல் படகு ஓட்டுகிற வித்தையை அவர் சொல்லித் தரவில்லை. என் மகன் டிலோன் வந்து படகைப் பொறுப்பெடுக்காவிட்டால் அதை விற்கத்தான் வேண்டும். அவனோ றெயில்வேயில் சேர்ந்து, மலைநாட்டில் உல்லாசப் பயணிகளுக்காக விடுகிற பழைய கரிக்கோச்சியில், கரியில் ஓடுகிற றெயிலில், வேலைக்குப் போயிருந்தான். போகும்போது நான் கத்தாத கத்து இல்லை. கடலில் பிறந்தவன் மலையில் போய்க் கரி உடைக்கிறதோ என்று தெரு முழுவதும் கேட்கக் கத்தினேன்.

ஆனால் அங்கே அவன் உண்மையிலேயே கரிதான் உடைத்துக்கொண்டிருந்தான். இஞ்சினுக்கு நெருப்புப் போடுகிற மூத்த ஆள், கரி அள்ளிப் போடுகிற சவளைத் தொடவே விடவில்லையாம். கரி உடை, பித்தளை துடை, தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா. இவ்வளவுதான். "ஏலாது அம்மா, வாறன்" என்று தாய்க்குப் போன் பண்ணியிருக்கிறான். "அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கடைசி ஓட்டத்தை ஒருக்காப் பாக்கட்டும்." அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோசத்தில் படகுக்குப் புதுப் பெயின்ற் அடித்துவிட்டேன்.

நாவலப்பிட்டி ஸ்ரேசனில் போய் இறங்கினபோது ஒரே குளிர். நான் பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கரிக்கோச்சியில் ஏறுவதற்கு வெள்ளைச் சேட்டைத் தேடி எடுத்த மூளை என்னுடையதுதான். வேறு ஒருவரையும் குறை சொல்ல ஏலாது.

இஞ்சின் கறுப்பாக, உடம்பெல்லாம் வேர்த்துக்கொண்டு, புஸ் புஸ் என்று நின்றது. அதற்குள் இருந்து டிலோன் இறங்கி வந்தான். மெலிந்திருந்தான். முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளை. தாய் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் எங்களை இரண்டாவது பெட்டியில் கொண்டுபோய் இருத்தினான்.

"அட்டன் ஸ்ரேசனோட என்ர வேலை முடிஞ்சுது. இறங்கி உடுப்பை மாத்திக்கொண்டு உங்களோட வாறன். இனி இந்தப் பக்கம் வரமாட்டன்" என்றான் தாயிடம். பிறகு என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்துகொண்டு நின்றான் போல.

என் நாக்கு நுனியில் அந்த 'அப்பவே சொன்னனான்' வந்து நின்றது. ஞானசவுந்தரி என் தொடையைக் கிள்ளினாள்.

"ம்" என்றேன்.

கோச்சி வெளிக்கிட்டது. பெட்டிக்குள் வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர், கொழும்பில் இருந்து வந்த குடும்பங்கள் கொஞ்சம். எல்லார் கையிலும் போன். மலை ஏற ஏறத் தேயிலை, பிறகும் தேயிலை, அதற்கு மேலே முகில். ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தபோது என் வெள்ளைச் சேட் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஞானசவுந்தரி யன்னலோடு ஒட்டிக்கொண்டு, "எவ்வளவு பச்சை, எவ்வளவு தண்ணி" என்று வாய் ஓயாமல் சொன்னாள். தண்ணி இருந்ததுதான். எல்லாம் செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு தண்ணியை வைத்துக்கொண்டு ஒரு படகு விட ஏலாத ஊர் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வேலையில் இருந்தேன்.

முதல் வளைவு வந்தது. கோச்சி ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்தப் பக்கத்தில் பள்ளத்தாக்கு. "ஆ!" என்று ஆரோ சொல்ல, பாதிச் சனம் எழும்பிப் போய் அந்தப் பக்க யன்னல்களில் தொங்கியது. என் உடம்பு தானாக எழும்பியது. ஞானசவுந்தரி கண்டுவிட்டாள். கைப்பையைத் திறந்து அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, ஒரு புழுக்கொடியலை எடுத்து, பாதியாக முறித்து, என் வாய்க்குள் வைத்தாள். புழுக்கொடியலைச் சப்பத் தொடங்கினவன் கால்மணித்தியாலத்துக்கு வாய் திறக்க ஏலாது. அவள் எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள்.

இரண்டாவது வளைவில் புழுக்கொடியல் முடிந்துபோயிருந்தது.

"இந்தகன்ன! சிட் டவுன்! இருங்கோ! ரண்டு பக்கமும் சரிசமனாய் இருங்கோ!"

என்ன அதிசயம், இருந்தார்கள். ஒருவர் விடாமல் போய் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்கு நன்றி சொல்லிப் படம் எடுத்தாள். கொழும்புக்காரர் ஒருவர் நான் கோச்சி ஆள் என்று நினைத்து, "ஐயா, இப்ப பாத்த நீர்வீழ்ச்சிக்கு என்ன பேர்?" என்று கேட்டார். எனக்கு அந்த மலையில் ஒரு கல்லின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"ஞானசவுந்தரி" என்றேன்.

அவர் அதைப் போனில் பதிந்துகொண்டார். ஞானசவுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ உசார் ஏறிவிட்டது. மலையென்ன கடலென்ன, சனம் சனம்தான், குருசுமுத்து குருசுமுத்துதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

மூன்றாவது வளைவு பெரியது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கோச்சி ஏத்தத்தில் மூச்சு வாங்கி வாங்கிப் போனது. திடீரென்று முகில் விலகிப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. இந்த முறை பாதிச் சனம் இல்லை, எல்லாச் சனமும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆளுக்கு மேல் ஆளாக, அந்தப் பக்கம் பாய்ந்தது. பெட்டி கிறீச் என்றது. நான் கத்தினேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. என் கை மேலே போனது. அங்கே ஒரு சங்கிலி தொங்கியது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லித்தான் இழுத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

கோச்சி நின்றுவிட்டது.

பச்சைக்கொடியையும் சிவப்புக்கொடியையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு காட் ஓடி வந்தார். மலைநாட்டுத் தமிழர். ஆரையும் தேட வேண்டியிருக்கவில்லை. என் கை இன்னும் சங்கிலியில்தான் இருந்தது.

"ஐயா, எதுக்கு இழுத்தீங்க?"

"சரியுது" என்றேன்.

"எது?"

"கோச்சி."

அவர் யன்னலால் கீழே கைகாட்டினார். "இது தண்டவாளத்துல ஓடுது ஐயா" என்றார் மெதுவாக. ஆஸ்பத்திரியில் கிடக்கிற வருத்தக்காரனோடு கதைக்கிறது போல.

அதற்குள் டிலோன் தண்டவாளக் கரையால் ஓடி வந்தான். யன்னலுக்குக் கீழே நின்று என்னைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான். அவனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அப்பா! இந்த ஏத்தத்திலை நிண்ட கோச்சியைத் திரும்ப எடுக்கிறது எவ்வளவு கரைச்சல் எண்டு தெரியுமோ? தண்டவாளம் முழுக்க ஈரம். இருங்கோ. எழும்பக்கூடாது. ஒண்டையும் தொடக்கூடாது!"

நான் இருந்தேன். ஓடுகிற ஒன்றில் என்னை இருக்கச் சொல்லி ஆரும் சத்தம் போட்டு நான் இருந்தது அதுதான் முதல் தரம். அவன் போட்ட சத்தம் அப்படியே என் சத்தம். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அவன் திரும்ப ஓடிப்போய் ஏறினதும் இஞ்சின் ஒரு தரம் பலமாக ஊதி, இழுத்துப் பார்த்தது. சில்லு இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுற்றியது. கோச்சி முன்னால் போகாமல் கொஞ்சம் பின்னால் நழுவியது. பெண்கள் கத்திக் குழறினார்கள். ஞானசவுந்தரி செபமாலையை எடுத்துக்கொண்டு, "அந்தோனியாரே, இந்த மனிசனைக் கட்டின நாளிலை இருந்து" என்று தொடங்கினாள். அந்தோனியாருக்கு மிச்சம் தெரியும்.

வளைவில் நின்றபடியால் யன்னலால் எட்டிப் பார்த்தால் இஞ்சின் முழுவதும் தெரிந்தது. நெருப்புப் போடுகிற அந்த மூத்தவர் வாளியில் மண்ணோடு இறங்கி, இஞ்சினுக்கு முன்னால் குனிந்து குனிந்து தண்டவாளத்தில் தூவிக்கொண்டு போனார். அப்போ மேலே நெருப்புப் பார்க்க ஆள் இல்லை. றைவர் திரும்பி என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

டிலோன் சவளை எடுத்தான்.

காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்று அள்ளினான். திரும்பினான், எறிந்தான். சும்மா அள்ளிக் கொட்டவில்லை. ஒருக்கால் இந்த மூலைக்கு, ஒருக்கால் அந்த மூலைக்கு, பிறகு நடுவுக்கு. ஒவ்வொரு தரமும் நெருப்பு அவன் முகத்தில் சிவப்பாக அடித்தது. ஏழு மாதமாகத் தேத்தண்ணி வாங்கப் போனவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறான். புகை வெள்ளையாக இருந்து கறுப்பானது. றைவர் எதையோ பிடித்து மெல்ல இழுத்தார். சில்லு ஒரு தரம் வழுக்கியது. பிறகு பிடித்தது. பெட்டி அசைந்தது. கோச்சி மூச்சை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஏறத் தொடங்கியது. மூத்தவர் வாளியோடு தொற்றி ஏறினார். ஏறியும் சவளை அவர் வாங்கவில்லை.

பெட்டி முழுவதும் கைதட்டியது. நான் எழும்பி நின்று தட்டினேன். "என்ர பெடியன்! அது என்ர பெடியன்!" என்று மூன்று பாசையிலும் சொன்னேன். வெள்ளைக்காரி என்னைத் திரும்பவும் படம் எடுத்தாள். இஞ்சின் நீளமாக ஒரு கூவல் கூவியது. அந்தக் கூவலுக்குக் கயிறு இழுத்தது ஆர் என்று தகப்பனுக்குத் தெரியாதா?

ஞானசவுந்தரி தட்டவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நீர் பேசாமல் இருக்கிறீர்? பாத்தனீரே உம்மட பிள்ளையை?"

"பாத்தனான். தட்டுங்கோ. நல்லாத் தட்டுங்கோ. இனி அவன் வருவானோ?"

என் கை நின்றுவிட்டது.

அவனைச் சவளுக்குக் கிட்ட விடாமல் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் அப்படியே போயிருந்தால் அவன் என் படகில். அதற்குள் நான் எழும்பி, சங்கிலியை இழுத்து, கோச்சியை ஏத்தத்தில் நிறுத்தி, சவளை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். இதைவிடத் துப்புரவாக என் படகுக்கு நானே ஓட்டை போட்டிருக்க ஏலாது.

அட்டன் ஸ்ரேசனில் இறங்கி நின்றோம். காட் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார், தண்டம் சொன்னார், கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இஞ்சினடியில் றைவர் டிலோனின் தோளில் தட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. மூத்தவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். டிலோன் எங்களிடம் வந்தான். கறுத்த முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

"அம்மா, இனி ஏத்தம் வாற இடமெல்லாம் என்னைத்தான் கரி போடச் சொல்லுறார் றைவர்..."

சொல்லிக்கொண்டு வந்தவன் என்னைக் கண்டதும் நிறுத்தினான். முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

"சரி, அது கிடக்கட்டும். கொஞ்சம் நில்லுங்கோ, உடுப்பு மாத்திக்கொண்டு வாறன். நான் சொன்னாச் சொன்னதுதான்."

ஞானசவுந்தரி என் கையைப் பிடித்து இறுக்கினாள். இப்போது நான் செய்யவேண்டியதெல்லாம் பஸ் ஏறின நேரத்தில் இருந்து செய்யச் சொன்ன அதே வேலைதான். வாயைத் திறக்காமல் நிற்பது. நின்றால் மகன் வீட்டுக்கு, படகும் வீட்டுக்கு. நான் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் போகிற போக்கில் இஞ்சினைத் தாண்டவேண்டியிருந்தது. தாண்டும்போது அதன் பக்கத்தில் ஒரு கையை வைத்தான். சூடாக இருந்திருக்கும். எடுக்கவில்லை.

"டேய்!" என்றேன்.

ஞானசவுந்தரியின் நகம் என் கைக்குள் இறங்கியது.

"எங்கயடா வெளிக்கிட்டனீ?"

"உடுப்பு மாத்த."

"ஆரைக் கேட்டு? என்ர படகிலை உனக்கு என்ன வேலை கிடக்கு? எனக்கென்ன கை கால் இல்லையோ?"

"அப்பா, உங்கட முழங்கால்..."

"முழங்கால் சுகம். பார்!"

காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்திக் காட்டினேன். நோ மண்டை வரைக்கும் போனது. இளித்துக்கொண்டு நின்றேன்.

"வேலை பிடிபட்ட நேரத்திலை விட்டிட்டு வாற ஆக்கள் எனக்குத் தேவையில்லை. போய் உன்ர கோச்சியைப் பார்."

அவன் என் முழங்காலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் மடையன் இல்லை, அந்த விசயத்தில் தாயைப் போல. "ஓம் அப்பா" என்றான். திரும்பி இரண்டடி நடந்தான். பிறகு ஓடினான். அவன் போனது எனக்கு நோகவில்லை, அந்த ஓட்டம்தான் நொந்தது. கொஞ்சம் மெல்ல நடந்து போயிருக்கலாம்.

ஞானசவுந்தரி என் கையை விட்டுவிட்டாள். ஸ்ரேசன் வாங்கில் போய் இருந்தாள். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கைப்பையைத் திறந்து, யாழ்ப்பாணக் கோச்சிக்கு முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த ரிக்கற்றுகளை வெளியே எடுத்தாள். மூன்று இருந்தன. எனக்கு அதுவரை தெரியாது.

ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இரண்டை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ. மற்றச் சீற்றிலை காலை நீட்டிக்கொண்டு வாங்கோ."

யாழ்ப்பாணம் வரும்வரை நான் காலை நீட்டவில்லை. அநுராதபுரத்தில் ஏறின ஒருவர் அந்தச் சீற்றைக் காட்டி, "இதிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். ஞானசவுந்தரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.